இரண்டு தாள் கேட்ட பாதம்

புது அக்கா அந்த விடுதிக்கு வந்து சேர்ந்த பதினெட்டாம் நாள், இடது கையால் எழுதும் வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அந்த விடுதியில் அது வழக்கமான வேலைதான். வேறொரு நாட்டிலுள்ள திருச்சபையார் ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேருக்கும் காலணி அனுப்புவார்கள். பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று அந்தக் கடிதங்களை நூலில் கோத்துத் தங்கள் ஆலயத்தில் தோரணமாகக் கட்டுவது அந்தச் சபையாரின் வழக்கம். பிள்ளைகளை எழுதவிட்டால் மை கொட்டும், பிழை மலியும், தபால் வேனும் போய்விடும் என்று, கடிதங்களை அலுவலகமே எழுதிவிடும். பிள்ளைகள் அடியில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

நிர்வாகி அம்மா ஒரு மாதிரிக் கடிதத்தையும் ஒரு கட்டுத் தாளையும் மேசைமேல் வைத்தார். பதினைந்து ஆண்டுகளாக விடுதியைத் தாங்கி நிற்பவர். கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபத்தின் அளவைத் துடைக்கும் நேரத்தைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம்.

"பெரிய கிளாஸ் பிள்ளைங்களுக்குச் சாய்ச்சு எழுது. நடு கிளாஸுக்கு நேரா எழுது. ஒண்ணாங் கிளாஸுக்கு மட்டும் இடது கையால எழுதும்மா. அப்பதான் குழந்தை எழுதின மாதிரியே கோணக்கோண வரும்."

"நானா எழுதணும்?"

"போன வருஷம் வந்த பொண்ணு ரெண்டு கையாலயும் எழுதும். தங்கமான பொண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

புது அக்காவுக்கு வயது இருபத்திரண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, ஓராண்டுத் தொண்டுக்கென்று பெயர் கொடுத்து, இரண்டு விமானம் மாறி வந்தவள். முதல் ஆறு வாரம் சோதனைக் காலம். அதற்குள் நிர்வாகி அம்மா 'தகுதியில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த விமானத்தில் வீடுதான். அவள் புறப்படும்போது அவளுடைய தாய்மாமன் வாசலில் நின்று, "ஒரு மாசம் தாங்க மாட்டா. கிறிஸ்துமஸ் பலகாரம் ஆறுறதுக்குள்ள பொட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பா பாருங்க" என்று ஊரே கேட்கச் சிரித்திருந்தார். "வந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க மாமா" என்று அவளும் ஊரே கேட்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆகவே அவள் முணுமுணுக்காமல் எழுத உட்கார்ந்தாள். மாதிரிக் கடிதம் நான்கே வரி. 'தாங்கள் அன்புடன் அனுப்பிய காலணிகள் என் கால்களுக்கு அளவெடுத்துச் செய்தவைபோல் கச்சிதமாகப் பொருந்தின' என்பது அதன் இரண்டாம் வரி. ஏழாவது கடிதத்தில் அந்த வரியை இடது கையால் உழுதுகொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே சரளைக்கல் பாதையில் 'தப்பு தப்பு தப்பு' என்று ஓர் ஓசை கேட்டது.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசை பதினெட்டு நாளாகக் காதில் விழுந்ததுதான். ஆனால் 'பொருந்தின' என்று எழுதும் கையோடு சேர்த்துக் கேட்டது அன்றுதான். அவள் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வரிசையின் கடைசியில் வாத்து வந்தாள். எட்டாம் வகுப்பில் படிக்கும், விடுதியிலேயே உயரமான பெண். நடக்கும் தோரணையால் வந்த பட்டப்பெயரைப் பட்டம் பெற்றவள்போலவே சுமப்பவள். அவளுடைய புதுக் காலணியின் பின்பக்கம் வெட்டப்பட்டிருந்தது. குதிகால் முழுவதும் வெளியே நின்றது. குளிரில் வெடித்த தோலில் ரத்தக் கோடு தெரிந்தது.

"யாரு வாத்து இப்படி வெட்டினது?"

"சமையல்கார மாமா. எல்லாருக்கும் அவர்தான் வெட்டுவாரு. வெங்காயம் வெட்டுற கத்தி இல்லக்கா, பயப்படாதீங்க. அதுக்குத் தனிக் கத்தி வச்சிருக்காரு."

"எல்லாருக்குமா?"

"சின்னதுங்க ஒம்பது பேருக்குச் சரியா இருக்கும். எங்களுக்கு வெட்டு. இதுவாவது பரவாயில்ல, போன வருஷம் முன்னாடியும் வெட்டி விரலு வெளிய வந்து நின்னுச்சு. கணக்கு டீச்சர் நடத்துறப்ப நான் விரலை விட்டுத்தான் எண்ணுவேன்!"

அருகில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். புது அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். சமையல்காரர் பெரிய பாத்திரத்தைத் துழாவிக்கொண்டே, கேட்ட கேள்விக்குக் கேளாத பதிலையும் சேர்த்துச் சொன்னார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி இங்க பொடிப் பிள்ளைங்க மட்டுந்தான் இருந்துச்சு தங்கச்சி. அப்ப கால் அளவு எழுதி ஒரு பட்டியல் அனுப்பினாங்க. சபைக்காரங்க இன்னிக்கும் அதைப் பார்த்துத்தான் அனுப்புறாங்க. வருஷா வருஷம் கச்சிதமா இருக்குன்னு நாமளே கடிதாசி போட்டா, பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?"

"நீங்க அம்மாகிட்ட சொல்லலையா அண்ணே?"

"சொன்னேனே. கண்ணாடியைத் துடைச்சாங்க."

மறுநாள் காலை புது அக்கா அலுவலகத்துக்குப் போனாள். எழுதிய ஏழு கடிதங்களையும் மேசைமேல் வைத்து, இனி எழுதப்போவதில்லை என்றும், பிள்ளைகளே எழுதட்டும், கால் அளவையும் வரைந்து அனுப்பட்டும் என்றும் சொன்னாள்.

நிர்வாகி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஆனாலும் குரல் கனிவாகவே வந்தது. "உக்காரும்மா. ஒரு கதை சொல்றேன். ஒரு எறும்புக்கு ஒரு யானை தெனமும் கரும்பு கொண்டுவந்து போட்டுச்சாம். எறும்பு ஒரு நாள், இது பெருசா இருக்கு, சின்னதாக் கொண்டான்னுச்சாம். யானைக்கு முகம் சுண்டிப்போச்சு. அதோட அந்தப் பக்கமே வரல. எறும்பு பட்டினி. புரியுதா? குறை சொன்னா அடுத்த வருஷம் அந்த ஷூவும் வராது. உனக்கென்ன, நீ ஒரு வருஷத்துல போயிருவே. வெறுங்காலோட நிக்கப்போறது என் பிள்ளைங்க."

அதில் உண்மையான பயம் இருந்தது. புது அக்காவுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததால் அவளும் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, அந்தக் கதையை நான் வேற மாதிரி கேட்டிருக்கேன். யானை கரும்பைப் போடப் போட, எறும்பு அடியில கிடந்து நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டே இருந்துச்சாம். ஒரு நாள் சத்தத்தையே காணோம். யானை கரும்பை எடுத்துப் பாத்துட்டு ஓன்னு அழுதுச்சாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் உடைச்சுப் போட்டிருப்பேனேன்னு."

"இப்படி ஒரு கதையே கிடையாது."

"இருக்கும்மா. இப்பத்தான் உண்டாச்சு."

கண்ணாடி நெடுநேரம் துடைக்கப்பட்டது. "வெள்ளிக்கிழமை மத்தியானம் தபால் வேன் வரும்" என்றார் நிர்வாகி அம்மா. "அதுல கடிதம் போகும். நீ எழுதலைன்னா, உனக்கும் அதுல ஒரு சீட்டு இருக்கு. யோசிச்சுக்கோ."

மாமாவின் சிரிப்பு அவள் காதில் கேட்டது. பெயரை மாற்றிக் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் அன்று மாலையே அவள் சாப்பாட்டுக் கூடத்தின் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தாள்.

"ஆளுக்கொரு தாள். காலை மேல வச்சுச் சுத்திக் கோடு போடுங்க. அடியில உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. நன்றி சொல்லணும்னு தோணினா நன்றி சொல்லுங்க. பொய் மட்டும் வேண்டாம்."

கூடம் கூச்சல் காடானது. கூச்சம் தாங்காமல் சிலர் காலை இழுத்துக்கொண்டார்கள். ஒருவன் பக்கத்துப் பையனின் காலை வரைந்துவிட்டு அது தன்னுடையது என்று அடம்பிடித்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தையொன்று ஐந்து விரலுக்கு ஆறு வரைந்து, "ஒண்ணு வளரும்போது தேவைப்படும்" என்றது. அதன் எழுத்து எந்த இடது கைக்கும் எட்டாத கோணலில் இருந்தது.

வாத்து காலை வைத்தபோது தாள் போதவில்லை. விரல்கள் விளிம்பைத் தாண்டித் தரையில் நின்றன.

"அக்கா, என் காலுக்குத் தாளும் சின்னதாத்தான் வருது!"

புது அக்கா இன்னொரு தாளை எடுத்து ஒட்டினாள். வாத்து நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கோட்டைச் சுற்றி முடித்து, கீழே எழுதினாள்: 'நீங்கள் அனுப்பியதற்கு நன்றி. அது பொருந்தவில்லை. என் கால் இவ்வளவு இருக்கிறது. இன்னும் வளரும்.'

வாசலில் நிர்வாகி அம்மா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியாது. கூடம் ஓய்ந்தது. அவர் வாத்தின் தாளைப் பார்த்தார், பிறகு வாத்தின் குதிகாலைப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்து மேசையில வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் வைத்தார்கள். முப்பத்தெட்டுப் பாதங்களும் அலுவலக அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன.

வியாழக்கிழமை பள்ளி விடுமுறை விட்டது. அன்று பகல் முழுதும் நிர்வாகி அம்மா தாமே உட்கார்ந்து முப்பத்தெட்டுக் கடிதம் எழுதினார். சாய்த்தும் நேராகவும், இடது கையாலும். புது அக்கா தன் பெட்டியைக் கட்டினாள். சமையல்காரர் வழிக்கென்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்.

"மன்னிப்புக் கேட்டா விட்டுருவாங்க தங்கச்சி. உள்ளுக்குள்ள நல்ல மனசு."

"தப்புப் பண்ணினா கேப்பேன் அண்ணே."

"உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?"

"எங்க மாமா இதைவிட மோசம்."

வெள்ளி நண்பகல் வேன் வந்து முற்றத்தில் நின்றது. ஓட்டுநர் புது அக்காவின் பெட்டியை ஏற்றினார். நிர்வாகி அம்மா கடிதக் கட்டோடு வராந்தா மேசையில் உட்கார்ந்து, பிள்ளைகளை வரிசையில் வரச் சொன்னார். உயரத்தின்படி வரிசை, முதலில் வாத்து.

"கையெழுத்துப் போடு."

வாத்து கடிதத்தைப் படித்தாள். நிதானமாக, ஒவ்வொரு வரியாக. பிறகு பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"இது நான் எழுதினது இல்லம்மா."

"தெரியும். போடு."

"நான் எழுதினது அலமாரியில இருக்கு. அதுல போடுறேன்."

"வாத்து!"

"பொருந்தலம்மா" என்றாள் அவள். பேனா இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் விலகி, வேனுக்குப் பக்கத்தில், புது அக்காவின் அருகே போய் நின்றாள். தப்பு, தப்பு, தப்பு. அடுத்து வந்தவனும் பேனாவைத் தொடவில்லை. அதற்கடுத்தவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். காலணி பொருந்திய ஒன்பது பொடிசுகளும்கூட, எதற்கென்று புரியாமலேயே, பெரியவர்களைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டன. ஆறு விரல் வரைந்தது மட்டும், "எனக்குச் சரியாத்தான் இருக்கு, ஆனா போட மாட்டேன்" என்று விளக்கமும் சொன்னது.

புது அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவளே தூண்டிவிட்டதாகும்.

ஓட்டுநர் ஹாரனைத் தட்டினார். "அம்மா, நேரமாச்சு. இன்னிக்கு விட்டா கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேராது. கடிதம் இருக்கா இல்லையா?"

இருந்தது, கையெழுத்தில்லாத முப்பத்தெட்டு. பிள்ளைகளே எழுதியவை அலமாரியில் முப்பத்தெட்டு. நிர்வாகி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கண்ணாடியில்லாத கண்களால் பிள்ளைகளின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையிலிருந்த கட்டில் ஒரு தாள் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக, மடிந்து தொங்கியது.

கட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, புது அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் ஷூ வரலைன்னா?"

"வரலைன்னா வேற இடத்துல கேப்போம். நான் எழுதுறேன், வலது கையால."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பொட்டியை இறக்கு."

"நான் மன்னிப்புக் கேக்க மாட்டேம்மா."

"கேக்கச் சொன்னேனா? பொட்டியை இறக்குன்னுதான் சொன்னேன். அந்த எறும்புக் கதையைப் பிள்ளைங்ககிட்ட சொல்லித் தொலைக்காதே, அதுக்கப்புறம் என்னால இங்க நிர்வாகம் பண்ண முடியாது."

"ஏற்கெனவே சொல்லிட்டேன்" என்றாள் புது அக்கா. வாத்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுக் காலணி எதுவும் வந்துவிடவில்லை. கடிதமே அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும். முந்தைய ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் வழிபாட்டுக்கு விருந்தினர் வருவதற்கு முன்பே பிள்ளைகளை விடுதி ஆலயத்தில் உட்காரவைத்துவிடுவார்கள், நடப்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று. இந்த ஆண்டு புது அக்கா அவர்களைக் கடைசியாக அழைத்து வந்தாள். எல்லோரும் அமர்ந்து, பாட்டு நின்று, அமைதியான வேளையில் கதவு திறந்தது. வழவழப்பான கல் தரைமேல் தப்பு, தப்பு, தப்பு என்று அத்தனை வெட்டுக் காலணிகளும் நடுவழியே நடந்து வந்தன. விருந்தினர் திரும்பிப் பார்த்தார்கள், குனிந்தும் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த நிர்வாகி அம்மா திரும்பவில்லை, 'மெதுவா நடங்க' என்று சைகையும் காட்டவில்லை. வாத்து எல்லோருக்கும் முன்னால், குதிகாலை அழுத்தி ஊன்றி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே நடந்தாள்.

அன்று பிற்பகல் புது அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். மாமாதான் எடுத்தார்.

"மாமா, பலகாரம் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மா."

"நான் இங்கதான் இருக்கேன்."