அழுகிற முகம்

ஜெபமாலை பாதியில் இருக்கும்போது ஜெனிற்றா சிரித்தாள். வயிறு குலுங்க, பியூனரல் ஹோமின் கடைசி வரிசைவரை கேட்கும் சிரிப்பு. ஜெபம் தடைப்பட்டது. கிளடிஸ் திடுக்கிட்டு மகளைத் தேடினாள். சற்றுமுன் பக்கத்துக் கதிரையில் இருந்தவள், இப்போது முன்வரிசையில் வேரோனிக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டிக்குள் கிடந்தவன் வேரோனிக்காவின் புருஷன் எட்வேட், கிளடிஸின் தம்பி. முப்பத்தாறு வயது. செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில், மோர்னிங்சைட் பஸ்ஸுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் பிறகு எழும்பவில்லை.

“கிளடிஸ், உவளை வெளியில கூட்டிக்கொண்டு போ பிள்ளை,” பின்னாலிருந்து அருள்நாயகம் அங்கிள் சொன்னார். “செத்தவீட்டில உதென்ன சிரிப்பு?”

“அவளுக்கு விளங்காது அங்கிள்.”

சொன்ன பிறகு அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்ணூற்றொன்றில், அவர்கள் கனடாவுக்கு வந்த வருடம் பிறந்தவள் ஜெனிற்றா. ஐந்து வயதாகியும் பேச்சில்லை. யார் முகத்தையும் நேரே பார்க்கமாட்டாள். விசேட வகுப்பு ரீச்சர், முகங்கள் வரைந்த அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். சந்தோசம், கோபம், அழுகை. கிளடிஸ் காட்டினால் மகள் அட்டையின் விளிம்பைக் கடிப்பாள்.

“உது கடதாசி அக்கா, அவள் என்னெண்டு நம்புவாள்?” என்று அவற்றைத் தள்ளி வைத்தவன் எட்வேட். தானே உதட்டைப் பிதுக்கி, தோளைக் குலுக்கி அழுது காட்டினான். அந்த முகத்தை மட்டும் ஜெனிற்றா பார்த்தாள், சிரித்தாள். ‘மாமாவைத் துடைச்சு விடு’ என்றால் ஒற்றை விரலால் அவன் கன்னத்தைத் துடைப்பாள். போன ஞாயிற்றுக்கிழமையும் அரைமணி நேரம் இதே விளையாட்டு.

கிளடிஸ் ஓடிப்போய்க் குந்தி மகளின் இடுப்பைப் பிடித்தாள்.

“குறை நினையாதை வேரோனிக்கா. தம்பி அழுது காட்டி இவளோட விளையாடுறவன். அதுதான் நீ அழ...”

வேரோனிக்கா நிமிர்ந்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று கிளடிஸுக்குப் பிடிபடவில்லை.

“விடுங்கோ மச்சாள்.”

ஜெனிற்றா விரலை நீட்டி வேரோனிக்காவின் கன்னத்தைத் துடைத்தாள். விரலைப் பார்த்தாள். எட்வேட்டின் கன்னம் ஒருநாளும் ஈரமாக இருந்ததில்லை. சிரிப்பு நின்றுபோனது. மறுபடி துடைத்தாள், மறுபடியும் ஈரம். பிறகு தலையைச் சரித்து வேரோனிக்காவின் கண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெற்ற தன்னைக்கூட மகள் இப்படிப் பார்த்ததில்லை. கிளடிஸின் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அடுத்த கணம் பெட்டியின் பக்கம் கண் போக, வெட்கமாக இருந்தது. பிள்ளையைத் தூக்குவதா, விடுவதா என்று தெரியாமல் அப்படியே குந்தியிருந்தாள்.

பின்னால் ஜெபம் மறுபடி தொடங்கியது. வேரோனிக்கா மூச்சை அடக்கி, பிள்ளையின் பார்வை கலையாதபடி முகத்தை ஆட்டாமல் வைத்திருந்தாள். ஜெனிற்றா ஈர விரலை மெல்ல வாயில் வைத்தாள்.