குளக்கட்டு உடைந்தபோது கேட்ட குரல்

குளக்கட்டு உடைந்த விடியற்காலையில் விமலேஸ்வரியை நிலத்திற் படுக்கச் சொன்ன குரல் எவருடையது என்பது ஊருக்குத் தெரியாது. வீரகத்திக்குத் தெரியும். அது அவருடைய குரல்.

புயல்மழை மூன்று நாள் பெய்திருந்தது. கட்டு உடைந்த ஓசை போர்க்காலத்தில் ஷெல் குண்டு விழுந்த ஓசையை ஒத்திருந்தது. வேலிப் படலையருகே நின்ற வீரகத்தி ஒரு கணமேனும் சிந்தித்தாரல்லர். "விழுந்து படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!" என்று கத்தியவாறே தாமும் குப்புற விழுந்தார். போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவருடைய வீட்டு வளவு மேட்டுநிலம். வெள்ளம் முழங்காலளவில் நின்றது. பள்ளத்திலிருந்த அடுத்த வீட்டில் விமலேஸ்வரி, பதின்மூன்று வயது மகள் ராஜினியை இழுத்துக் கீழே தள்ளி, அவள்மேற் கவிழ்ந்து படுத்தாள். ஓடியிருந்தால் மேடு இருபது அடி தூரந்தான். வெள்ளம் அடித்துச்சென்ற மகளைப் பாலைமரக் கிளையொன்றிலிருந்து இறக்கினார்கள். தாயின் உடலை மறுநாள் வயலிற் கண்டெடுத்தார்கள்.

அவ்விரு வளவுகளும் ஊரின் கடைசியில் இருந்தமையால் வேறெவருக்கும் அக்குரல் கேட்கவில்லை. ராஜினி சொன்னதை வைத்து ஊரார் ஒரு கதை கட்டினர். இறுதிப்போரில் மாண்ட விமலேஸ்வரியின் தம்பி சுஜிதன், தன் அக்காவைக் காக்க வந்து கத்தினானாம். "செத்தவனுக்கு ஷெல்லைத்தானே தெரியும், வெள்ளத்தை என்னெண்டு தெரியும்?" என்றாள் ஊர்ப்பெண் தயாளினி.

ஆயினும் சிறுமி அக்குரலை இன்னமும் கேட்டாள். கிணற்றடியிலும் பள்ளிக்கூட வழியிலும் திடீரெனக் குப்புற விழுந்தாள். வெள்ளத்தன்று கிளிநொச்சியில் ஆலை வேலைக்குப் போயிருந்த அவள் தந்தை கோகுலன், முப்பத்தோராம் நாட் சடங்கு முடிந்ததும் அவளோடு புளியங்குளத்திலுள்ள தமக்கை வீட்டிற்குப் போய்விடத் தீர்மானித்தான். உடைந்த கட்டுக்கு மண் போட ஆள் போதாமல் ஊர் தவித்துக்கொண்டிருந்த காலம் அது.

சடங்கன்று பந்தலின்கீழ்ப் பெண்கள் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தனர்.

"தயாளினி, வாயை விட்டிட்டுக் கையை ஆட்டடி. பூசணிக்காய் தானா வெட்டுப்படாது," என்றாள் கமலாசனி.

"எனக்கு ரெண்டும் ஆடும். உனக்குத்தான் ஒண்டும் ஆடாது."

ராஜினி வீரகத்திக்குத் தேநீர் கொண்டுவந்தாள். "பெரியப்பா, சுஜிதன் மாமா புளியங்குளத்துக்கும் வருவாரோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது மாமா இல்லைப் பிள்ளை. நான்தான் கத்தினனான்."

பந்தற்காலருகே நின்ற கோகுலன் திரும்பினான். "என்ன சொல்லுறியள் அண்ணை?"

"ஷெல் எண்டு நினைச்சிட்டன், தம்பி."

"முப்பது நாளா என்ர வீட்டுக்கு வந்து போறியள். ஒரு வார்த்தை சொல்லேல்லை."

ராஜினி நம்பவில்லை. "பொய். என்னைத் தேத்தச் சொல்லுறியள். எங்கை, ஒருக்காக் கத்துங்கோ பாப்பம்."

அவர் அதே சொற்களை மெல்லச் சொன்னார்.

"அப்பிடியில்லை. அண்டைக்குக் கேட்ட மாதிரி."

வீரகத்தி கண்களை மூடிக்கொண்டு கத்தினார்.

தட்டங்கள் சிதறும் ஓசை கேட்டது. கண் திறந்தபோது பந்தலில் பெரியவர்களில் ஒருவரும் நின்றுகொண்டிருக்கவில்லை. கமலாசனி பூசணித் துண்டுகளின் நடுவே குப்புறக் கிடந்தாள். தயாளினி யாருடையதோ ஒரு குழந்தையை மார்பின்கீழ் மறைத்திருந்தாள். கோகுலன் இரு கைகளாலும் தலையை மூடி, மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தான். ராஜினி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"அதே குரல்தான்," என்றாள் அவள், கிடந்தவர்களைப் பார்த்தபடி.

முதலில் எழுந்தவள் தயாளினி. "உங்களுக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே அண்ணை? என்ர சீலையைப் பாருங்கோ..." என்று ஏசத் தொடங்கியவள், முடிக்காமலே அழுதாள்.

கோகுலன் நெடுநேரம் எழவில்லை. மகள் அருகிற் போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்தவன் நெற்றி மண்ணைத் துடையாமலே வீரகத்தியைப் பார்த்தான்.

"நான் நிண்டிருந்தாலும் அவளைப் படுக்கத்தான் சொல்லியிருப்பன்," என்றான். "அதுக்காக உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ. நாளைக்குக் கட்டுக்கு மண் போட வருவன். என்ர பக்கத்திலை நிக்காதேங்கோ."