கொழுப்பு வலையில் சுற்றிய ஈரல்

மீன்சாற்றுப் புட்டியின் மூடி திறக்கவில்லை என்று எவரிஸ்தோ அதைக் கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினார். மூடி அசையவில்லை, புட்டியின் கழுத்துதான் போனது. நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு வடித்த சாறு மின்னடுப்பின் கண்ணாடி மேல் பரவி, கீழே இழுப்பறைக்குள் இறங்கி, கரண்டிகளையெல்லாம் குளிப்பாட்டியது. ஆயுள் முழுக்கப் பள்ளியில் இலத்தீன் நடத்திய மனிதருக்கு ஒரு மூடியைத் திறக்கத் தெரியவில்லை.

முற்றத்துக்கு அப்பால் ஜன்னல் திறந்தது. "வாத்தியாரே, உங்க வீட்ல யாரு செத்தது?"

"யாரும் சாகல இரிதேக்கா. சமைக்கிறேன்."

"அதான் கேக்குறேன், எதைக் கொன்னீங்க?"

இரிதே பழைய கசாப்புக்கூடத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவள். குடல் வேகும் வாடை அவளுக்கு ஜவ்வாது. அவளே மூக்கைப் பொத்துகிறாள் என்றால் விஷயம் பெரிது.

உள்ளறையிலிருந்து மனைவி நீவெஸின் குரல் வந்தது. "நல்லா மணக்குதே."

எவரிஸ்தோ சாறு சொட்டும் கரண்டி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

தெருமுனை உணவகத்தில் குடலும் வாலும் சமைத்தே பேர் வாங்கியவள் நீவெஸ். நோய் வந்தது, மருந்து ஏறியது, முடி கொட்டித் திரும்ப முளைத்தது. முதலாளி குவால்தியேரோ அவள் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தான். சனிக்கிழமை என்றால் அந்தப் பேட்டையே குடல் தின்ன வரும். இந்தச் சனிக்கு அவள் வருவாளா மாட்டாளா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். அவளோ பிடிகொடுக்கவில்லை. எவரிஸ்தோ எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்றாள். அவர் போட்ட முதல் காப்பியைப் பூந்தொட்டியில் ஊற்றியவள் அவள். அந்த "நல்லாருக்கு" அவரைத் தூங்கவிடவில்லை.

"ருசி தெரியுதா?" என்று கேட்டால், "உன்னைக் கட்டினப்பவே என் ருசி கெட்டுப்போச்சு" என்பாள். அவரும் சிரித்துத் தொலைப்பார்.

அதனால்தான் பழைய ரோமானியர்களின் சமையல் நூலைப் புரட்டினார். பன்றி ஈரலைக் கீறி, மிளகும் மீன்சாறும் ஊட்டி, பிரிஞ்சி இலை வைத்து, குடலை மூடியிருக்கும் கொழுப்பு வலையில் சுற்றிச் சுடுவது. இரண்டாயிரம் வருடத்து நாற்றத்துக்கும் எழாத நாக்கு வேறு எதற்கு எழும்?

புட்டியின் அடியில் மிஞ்சியதைக் கண்ணாடித் துணுக்கு போகத் துணியில் வடித்தார். ஈரலைக் கீற நாணல் குச்சி வேண்டுமாம்; நீவெஸின் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டார், கழுவித்தான். வெந்நீரில் ஊறிய வலையை விரித்தபோது அது அவர் கையில் கிழிந்தது. மறுபடி விரித்தார். மறுபடி கிழிந்தது.

"தள்ளு," என்று நீவெஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவள் விரல்கள் வலையைத் தூக்கிய விதத்தில் அவசரமே இல்லை. ஈரல், இலை, ஒரு சுற்று, ஒரு மடிப்பு. எவரிஸ்தோ அடுத்த ஈரலை எடுத்துக் கொடுத்தார்.

அடுப்பிலிருந்து எடுத்து இருவரும் உட்கார்ந்தார்கள். எவரிஸ்தோ ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவ்வளவு உப்பு, அவ்வளவு கசப்பு. நீவெஸ் நிதானமாக மென்றாள்.

"நல்லாருக்கு."

தொலைபேசி அடித்தது. குவால்தியேரோ.

எவரிஸ்தோ அதைக் கையில் எடுத்தார், பொத்தானை அழுத்தவில்லை. "என்ன ருசி, நீவெஸ்?"

"உன் ரோமானியருங்க ருசி. செத்துப்போனவங்களைக் குறை சொல்லக் கூடாது."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "இவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

மணி அடித்து ஓய்ந்தது. நீவெஸ் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஒண்ணுமே தெரியல, எவரிஸ்தோ. உப்பு தெரியல, கசப்பு தெரியல, வாசனையும் இல்ல. மார்ச்லேர்ந்து இப்படித்தான். வாய்க்குள்ள சூடு இருக்கு, அவ்வளவுதான். நான் வரலைன்னு சொல்லிடு."