மேட்டில் ஏறிய மணல்

மூன்று மாதமாக நான் செவ்வாயில் பள்ளம் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கிரகத்தைச் சுற்றும் விண்கலம் மேலிருந்து எடுத்த படத்தில், காற்று அரித்த நீளப் பள்ளங்கள் நாற்பத்து மூன்று. இப்படியொரு கூட்டத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. பதினோரு மணிக் கூட்டத்தில் தலைவர் தலையாட்டினால், கலத்தின் கேமரா எனக்காக இன்னொரு முறை அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு வருடமாக அப்படி ஒரு வாய்ப்புக்குத்தான் காத்திருக்கிறேன்.

பத்தரைக்கு என் நாத்தனார் அலுவலகத்துக்கு வந்தார். நான் வீட்டில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் வந்தார். ஆனால் அவர் தையல்காரி; விரித்த தாளைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என் படத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன இது, இவ்வளவு மேடு?"

"மேடு இல்ல அண்ணி, பள்ளம்."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? மேடுதான். மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல கறுப்பா வரிவரியா என்ன?"

"மணல்."

"மணல் பள்ளத்துலதானே போய்த் தங்கும்? உன் கணக்குப்படி அது பள்ளத்தை விட்டுட்டு மேட்டுல ஏறி உட்கார்ந்திருக்கே!"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மணல் ஏன் மேட்டில் நிற்கிறது என்று மூன்று பக்கம் விளக்கம் வேறு எழுதி வைத்திருந்தேன். விருட்டென்று எழுந்து அவர் பக்கம் போய் நின்றேன். அடக் கடவுளே! அங்கிருந்து பார்த்தால் அத்தனையும் மேடு. படம் தலைகீழாக வந்திருக்கிறது, நான் திருப்பவில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்று நம் கண் நம்பிவிடும். என் தாளிலோ வெயில் கீழிருந்து அடிக்கிறது; மேடெல்லாம் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லித்தருகிற விஷயம் இது. வெட்கத்தில் காது சுட்டது.

மேடு என்றால் செவ்வாயில் ஆயிரக்கணக்கில் உண்டு. கேமரா போச்சு. பள்ளம் என்றே சாதித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் கூட்டத்தில் வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது.

"தப்பு பண்ணிட்டேன் சார். பள்ளமே இல்ல. எல்லாம் மேடு."

தலைவர் சிரிக்கவில்லை. என் அட்டவணையில் சிவப்பில் அடித்திருந்த ஒரு வரிசையைக் காட்டினார். "இதை ஏன் அடிச்சீங்க?"

"பழைய படத்துக்கும் புதுசுக்கும் நடுவுல மணல் பத்து மீட்டர் நகர்ந்த மாதிரி வந்துச்சு. மேட்டுல இருக்கற மணல் எப்படி ஒரே நேரா நகரும்? அளவு தப்புன்னு அடிச்சிட்டேன்."

"இப்பதான் அது மேட்டுல இல்லையே! ரெண்டு மேட்டுக்கு நடுவுல காத்து தள்ளிட்டுப் போகுது. அங்க காத்து இன்னும் அந்த மேட்டைச் செதுக்கிட்டுத்தான் இருக்கும்மா, அப்படி இடம் கிடைக்கறது அபூர்வம். கேமராவைத் திருப்பச் சொல்றேன்."

வரவேற்பறையில் நாத்தனார் காத்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேமரா கிடைச்சிருச்சு. நீங்க சொன்னதுதான் சரி, அண்ணி!"

கல்யாணமான இந்த எட்டு வருடத்தில் இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் சட்டென்று பையிலிருந்து போனை எடுத்தார்.

"இரு, தம்பிக்குப் போடறேன். அவன் காதுல விழற மாதிரி இன்னொரு தடவை சொல்லு."