கவாப் பொடி எந்தத் துறை?

என் கணவர் ரெனால்ட் மதுவைத் தொட்டதில்லை. எங்கள் சபையில் திடப்படுத்தல் எடுத்து முழு உறுப்பினராகும்போதே எல்லாரும் அப்படி வாக்குக் கொடுப்போம். ஆம்பூர்த் தோல் டேனரியில் ஷிப்டு வேலை. தூக்கம் வராது, தலைவலி மாத்திரை விழுங்கிக்கொண்டே இருப்பார்.

கன்வென்ஷனுக்கு ஃபிஜித் தீவிலிருந்து வந்த பிரசங்கியார், கூட்டம் முடிந்ததும் கவா என்ற வேர்ப்பொடியைத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டிக் கொடுத்தார். சாராயமில்லை, மனது அடங்கும் என்றார். எங்கள் பாஸ்டரே வாங்கிக் குடித்தார். பிறகு யாருக்குத் தயக்கம்?

இங்கே கடைகளில் அது இல்லை. பேரணாம்பட்டு தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் கிடைத்தது. ரெனால்ட் தினமும் குடித்தார், மாத்திரையும் போட்டுக்கொண்டார். நன்றாகத் தூங்கினார். மழைக்காலம் முடிவதற்குள் ஈரல் கெட்டு இறந்துபோனார். பொடியும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர்.

அவருடைய தம்பி ஜெர்சனும் அதையே குடித்துக்கொண்டிருந்தான். அவனையாவது காப்பாற்றவேண்டும் என்றுதான் அலைந்தேன். உணவுத் துறையில் இது மருந்து என்றார்கள். மருந்துத் துறையில் இது உணவு என்றார்கள். எல்லை தாண்டிப் போனால், "குடிச்சது உங்க ஸ்டேட்லதானேம்மா?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

ஜெர்சன் சிரித்தான். "பாஸ்டரே குடிக்கிறாரு அண்ணி. நீங்க இன்னா, அவருக்கு மேல பரிசுத்தமா?"

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு."

"அவருக்கு மாத்திரை ஜாஸ்தி. பொடி மேல பழி போடாதீங்க."

கடைசியில் என் மனுவுக்கு உணவுத் துறையிலிருந்தே உத்தரவு வந்தது. நம் மாநிலத்தில் உண்ணவோ குடிக்கவோ கவாவை விற்கக் கூடாது. அன்று கல்லறைக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே ஜெர்சன் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். அதே பொடி. ஆம்பூர்க் கடையிலேயே வாங்கியிருக்கிறான். மேலே, 'செடி உரம். உட்கொள்ள அல்ல' என்று புதிதாக ஒட்டியிருந்தது.

"இனிமே பஸ்ஸே ஏற வேணாம் அண்ணி. எல்லாம் உங்க புண்ணியம்."

உத்தரவு போட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொன்னார் அதிகாரி. படித்தேன்.

"உரம்னா அது வேளாண்மைத் துறைம்மா" என்றார்.

அடுக்களையில் ஜெர்சன் வடிகட்டி கேட்டான். நான் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, பொடியை அதில் கொட்டிக் கட்டித் தண்ணீரில் பிசைந்தான்.