இருநூறு மீற்றரில் இடதுபக்கம்

கண்டிக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருடமாகியும் தியாகராஜா சிங்கள வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடையவில்லை. நான்கு முறை கோட்டைவிட்டாயிற்று. ஐந்தாவதும் போனால், காலியாகக் கிடக்கும் பிரிவுத் தலைவர் கதிரை அவரிடமே வேலை பழகிய ரிப்காவுக்குப் போய்விடும்.

அலுவலகம் இலவச வகுப்பு வைத்தது. அவர் போகவில்லை. “வகுப்பெல்லாம் அந்தக் காலம், பிள்ளை. இனிச் சுயகற்றல்தான்,” என்று ரிப்காவுக்கு அரை மணித்தியாலம் விளக்கினார். செய்தும் காட்டினார். ஃபோனில் இருநூற்றுப் பதினாறு பாட வீடியோக்களைச் சேர்த்துவைத்தார். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் ஒரு பாடத்தைப் படித்து முடித்த களைப்பு வரும். எழுந்து போய் பிளேன்டீ குடிப்பார். கடையில் அவர் ஃபோனிடம் தமிழில் சொல்வார், ஃபோன் முதலாளியிடம் சிங்களத்தில் சொல்லும். கண்டியில் மிக நன்றாகச் சிங்களம் பேசும் யாழ்ப்பாணத்தான் தன் ஃபோன்தான் என்பது அவருக்கே தெரியும்.

அலுவலகத்துக்குப் பக்கத்துப் பாடசாலையில் பரீட்சை. வாசலில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பரீட்சகர் வயதானவர்; யாரையும் தோற்கடிக்கும் எண்ணமில்லாதவர். இருப்பதிலேயே லேசான கேள்வியாகப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: “பல்லேகலையில் உங்கள் வீட்டிலிருந்து இங்கே எப்படி வந்தீர்கள்?”

கேள்வி விளங்கிவிட்டதில் தியாகராஜாவுக்கே ஆச்சரியம். “மோட்டார் சைக்கிளில்,” என்றார் சிங்களத்தில்.

“நல்லது. வழியைச் சொல்லுங்கள்.”

“முதலில்… இருநூறு மீற்றரில் இடதுபக்கம்.”

“எந்த இடத்தில்?”

அது தெரியவில்லை. காதுக்குள் வழிகாட்டும் ஃபோன் பெண்மணி ‘இடது’ என்பாள், இவர் திரும்புவார். ஒன்பது வருடமாக அவள் சொல்லாமல் இவர் ஒரு முடுக்குக்குள்கூடப் போனதில்லை.

“பிறகு நேராக மூன்று கிலோமீற்றர். பிறகு பாலம்.”

“எந்தப் பாலம்?”

இவர் கை தானாகக் காதுக்குப் போனது. பரீட்சகர் மனமிரங்கி, தனக்குத் தெரிந்த தமிழில், “பரவாயில்ல, தமிழ்ல சொல்லுங்க. பொறகு சிங்களத்துல சொல்லலாம்,” என்றார்.

அங்கேதான் மானம் போனது. சிங்களம் வராததால் திணறுகிறார் என்ற கௌரவமான காரணம் அதுவரை மிச்சமிருந்தது. இப்போது தமிழில் தேடினார். அதிலும் சந்தி இல்லை, கடை இல்லை. நாளுக்கு இரண்டு முறை கடக்கும் தென்னக்கும்புர பாலத்தின் பெயர் எந்த மொழியிலும் வரவில்லை.

“மம தன்னே நே,” என்றார். எனக்குத் தெரியாது.

“உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது,” என்று பரீட்சகர் மனதாரப் பாராட்டினார். “ஆறு மாதம் கழித்து வாருங்கள்.”

ஃபோனைத் திரும்ப வாங்கியதும் அது அடித்தது. ரிப்கா.

“எப்பிடி சேர்? பரீட்ச லேசா ஈந்தா?”

“போச்சுது பிள்ளை. கதிரை இனி உமக்குத்தான்.”

“அப்பிடி என்னத்த அவங்க கேட்ட?”

“வீட்டில இருந்து எப்பிடி வந்தனீங்கள் எண்டு.”

“அது ஒவ்வொரு நாளும் வார வழி தானே, சேர்.”

“வாறது ஃபோன். நான் அதுக்குப் பின்னால வாறன்.”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். பிறகு, “நாளைக்கி பைக் வேணாம், சேர். பஸ்ஸில வாங்க. எங்கட ஊர் அலவத்துகொடையில நாங்க எல்லாம் கொண்டக்டரோட சண்ட புடிச்சித்தான் சிங்களம் படிச்ச. இது பிரிவுத் தலைவர் சொல்ற,” என்றாள்.

தியாகராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி, மிஸ்,” என்றார். “எந்த பஸ்ஸில ஏற வேணும்?”