ஏழு ஆரஞ்சும் ஒரு ழகரமும்

ஏற்காட்டுக் குளிர்கூட சிவரஞ்சனியைக் கண்டால் ஸ்வெட்டர் எடுத்து மாட்டிக்கொள்ளும் என்று எங்கள் பழமர ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தச் சிவரஞ்சனி நான்தான். நிலையத்தின் நூலகர். எனக்குக் கோபம் வருவது உண்மைதான், ஆனால் சும்மா வராது. "மேடம், ஆரஞ்சைப் பத்தி இருக்கறதெல்லாம் குடுங்க" என்று ஒருவர் வந்து நின்றால் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? எல்லாம் வேண்டும் என்கிற ஆளுக்கு என்ன வேண்டுமென்று அவருக்கே தெரியாது.

அப்படி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனவள்தான் நந்தினி. சேலத்துப் பெண். எங்கள் நிலையத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு திங்கட்கிழமை காலை, நான் ஜன்னலைக்கூட இன்னும் திறக்கவில்லை, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்று அழுதாள்.

"வெள்ளிக்கிழமை கமிட்டிங்க்கா. ஒரு வரிகூட எழுதலைங்க."

விஷயம் இதுதான். முன்பொரு காலத்தில் வாடல் நோய் வந்து சேர்வராயன் மலையின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காய வைத்தது. ஏழு ரகங்கள் மட்டும் நோயைத் தாங்கி நின்றன என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. அந்த ஏழு ரகங்களைப் பற்றி இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்து, அவள் ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கெடுவை நீட்டிக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமையும் வெறுங்கையோடு போனால் பதிவு ரத்து, மூன்று வருட உழைப்பும் போச்சு. அவளுடைய வழிகாட்டி டாக்டர் சந்திரசேகர் வேறு, சிரித்து எங்கள் வாட்ச்மேன்கூடப் பார்த்ததில்லை.

"படிக்கவே இல்லையா கண்ணு?"

"படிச்சுட்டேதானுங்க்கா இருக்கறேன்! ஒண்ணப் படிச்சா அதுக்குக் கீழ அம்பது கட்டுரை பேரு போட்டிருக்குது. அதைப் புடிச்சா இன்னொரு அம்பது. காலையில எந்திரிச்சா மெயில்ல புதுசா இருவது வந்து உக்காந்திருக்குது. எதை விட்டாலும் அதுலதான் விசயம் இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க."

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஆயிரத்துக்கும் மேலே கட்டுரைகள். பார்க்கப் பார்க்க எனக்கே தலை சுற்றியது. பிறகு வழக்கம்போலக் கோபம் வந்தது.

"ஏஞ்சாமி, ஏரித் தண்ணி மொத்தத்தையும் குடிச்சாத்தான் உனக்குத் தாகம் தீருமாக்கும்?"

முதல் வேலையாக, தினமும் காலையில் புதுக் கட்டுரைகளை அனுப்பும் அந்த அலர்ட்டை நிறுத்தினேன். அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, முக்கியமானது ஏதாச்சும் வந்துச்சுன்னா?"

"வந்தா சனிக்கிழமையும் அங்கயேதான் இருக்கும். கட்டுரை என்ன, திரிஞ்சுபோற பாலா?"

இத்தனை வருடம் நூலகத்தில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. எழுதுகிற கூட்டத்தில் போய்ப் பார்த்தவர் கொஞ்சம், பார்த்தவர் சொன்னதைக் கேட்டு எழுதுகிறவர் நிறைய. கேள்விச் செவியன் ஊரைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஒவ்வொரு கட்டுரைகிட்டயும் ஒரே கேள்வி கேளு. இதை எழுதுன ஆளு போய் மரத்தைப் பாத்தாரா, இல்லை எவரோ சொன்னதைக் கேட்டு எழுதுனாரா? பாத்தவங்க இந்தப் பக்கம். கேட்டவங்க அந்தப் பக்கம். கேட்டவங்களை இப்பத்திக்குப் படிக்கவே வேண்டாம்."

"முழுசாப் படிக்காம எப்பிடிங்க்கா தெரியும்?"

"பழத்தை எங்க போயிப் பறிச்சோம்னு ஒரு பத்தி இருக்கும். அதை மட்டும் பாரு. அது இல்லீன்னா ஆளு வூட்டை விட்டே கிளம்பலைன்னு அர்த்தம்."

இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள், நான் குறித்துக்கொள்வேன். கேட்டவர், கேட்டவர், கேட்டவர், கேட்டவர். போகப் போக அது ஒரு தாளமாகவே ஆகிவிட்டது. நடுவில் டீ கொண்டுவந்த அட்டெண்டரை நிமிர்ந்து பார்த்து, "பாத்தவர்" என்றாள். அவர் டம்ளரை வைத்துவிட்டுப் பயந்து ஓடினார். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை மதியத்துக்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. ஆயிரத்தில், போய்ப் பார்த்தவர்கள் ஒரு கைப்பிடிதான் தேறினார்கள். அந்தக் கைப்பிடியைப் பொறுமையாகப் படித்து முடித்த நந்தினியின் முகம் மறுபடியும் தொங்கிவிட்டது.

"அக்கா, மரத்தைப் பாத்தவங்க ஒருத்தர்கூட என்ற ஏழு ரகத்தைப் பாத்ததா எழுதலைங்க. கேட்டவங்க மட்டும்தான் எழுதியிருக்கறாங்க."

"ஏழையுமா?"

"ஏழையுந்தானுங்க."

அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் இவள் மறுபடி அழுவாள் என்று ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சூடாக ஒரு டீயும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அப்பிடி என்னதான் பேரு அந்த ஏழுக்கும்? சொல்லு கேப்போம்" என்றேன். அதுவரை நான் கேட்டதே இல்லை. என் கேள்வி முழுக்க மரத்தைப் பற்றித்தானே இருந்தது.

அவள் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் படித்ததைப் படித்தபடியே சொன்னாள். "வலவண்டி. பலவந்தி. வளவன்தி. வசவந்தி. வாலவாந்தி..."

"அட கருமமே! திங்கற பழத்துக்கு எவனாச்சும் வாந்தின்னு பேரு வப்பானா?"

"அப்பிடித்தானுங்க்கா போட்டிருக்குது!"

அந்த நேரத்தில் எங்கள் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டிக் கத்தினார். "வாழவந்தி, வாழவந்தி, வாழவந்தி! ஏறுங்க, ஏறுங்க!"

நந்தினி என்னைப் பார்த்தாள். நான் நந்தினியைப் பார்த்தேன். நான் கிளியூர்க்காரி. வாழவந்தி என்பது நான் பிறந்ததிலிருந்து கேட்கிற, இதே மலையில் உள்ள ஊர்ப் பெயர். நம்முடைய ழகரத்தைக் கண்டால் இங்கிலீஷ் எழுத்துக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். ஒருவர் ஒரு எழுத்தைப் போட்டுச் சமாளிப்பார், இன்னொருவர் இன்னொன்றைப் போடுவார். ஏழு பேர் ஏழு விதமாகச் சமாளித்ததில் ஒரே ஊர் ஏழு ரகமாகிவிட்டது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாதி டீ சேலையில் கொட்டியது.

"ஏனுங்க, ஏறறீங்களா இல்லீங்களா?" என்றார் கண்டக்டர்.

ஏறிவிட்டோம். அரை நாள் லீவு கூடச் சொல்லவில்லை.

பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து இருப்பதிலேயே பழைய கட்டுரையை எடுத்தாள். யாரோ ஒரு நல்ல மனிதர் மலை முழுக்க நடந்து பார்த்து, ஊர் ஊராக எழுதியிருந்தார். வாழவந்தி என்று ஊர்ப் பெயரைப் போட்டு, பக்கத்தில் மரங்கள் நலம் என்று குறித்திருந்தார். அவ்வளவுதான்; ரகம் என்ற பேச்சே இல்லாததால்தான் நந்தினி அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தாள். அதைப் படித்த அடுத்த ஆள், வாழவந்தி ஆரஞ்சு நோயைத் தாங்கும் என்று எழுதினார். அதற்கடுத்த ஆள் அதை ரகமாக்கிவிட்டார். அதற்கப்புறம் கேட்டவர், கேட்டவர், கேட்டவர்தான்.

வாழவந்தியில் இறங்கியதும், ரோட்டோரத்தில் ஆரஞ்சுக் கூடையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். பெயர் அத்தாயி. பின்னால் தெரிந்த தோட்டம் அவருடையதுதான். நந்தினி ஓடிப்போய், "வாழவந்தி ஆரஞ்சு இருக்குதுங்களா?" என்றாள்.

"வாழவந்தியில பின்ன பெங்களூரு ஆரஞ்சா இருக்கும்?" என்றார் அத்தாயி. பிறகு லேப்டாப், பை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, நீ எங்கூருக்கு வாழ வந்தியா, வாசிக்க வந்தியா?" என்று கேட்டார்.

அத்தாயி அவள் கையில் ஒரு பழத்தை வைத்தார். "இது சாதாக் கமலா ஆரஞ்சுதான். மலை பூராவும் இருக்கறதுதான். திங்கறயா?"

தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். இனிப்பாக இருந்ததற்கு அழுதாளா, ஏழு ரகமும் கையை விட்டுப் போனதற்கு அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸுக்காக நிற்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அந்தப் பலவந்திய எழுதுனதே எங்க சாருதானுங்க. அவருக்குப் பேரு வாங்கிக் குடுத்த கட்டுரைங்க அது."

எனக்குத் திக்கென்றது. நல்லவேளை, வாய் சும்மா இருக்கவில்லை. "பலவந்தமாப் பேரு வச்சுட்டாராக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"இதை எழுதுனா அவரே என்னை வெளிய அனுப்பிப்போடுவாரு. எழுதாம, ஏழு ரகம் இருக்குதுன்னே எழுதிக் குடுத்தா பதிவு தப்பிச்சுரும்ங்க."

"குடுத்துப்போடு. அப்புறம் உன்னைப் படிச்சுட்டு இன்னொரு புள்ளை என்ற மேசை முன்னால வந்து அழட்டும். எனக்குப் பொழுது போகோணுமில்ல?"

என்னை முறைத்துப் பார்த்தாள். அந்த முறைப்பு எனக்கு நொம்பப் பிடித்தது. வியாழக்கிழமை காலையில் நூலகம் திறந்ததும் வந்து உட்கார்ந்தவள், சாயங்காலம் அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்தாள். படிக்க வேண்டியது கைப்பிடிதான் என்றால் எழுத என்ன தடை? கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, புத்தகம் கேட்டு வந்தவர்களை எல்லாம் நான் திட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை. பெரிய மேசை எங்கள் நூலகத்தில்தான் இருக்கிறது என்பதால் கமிட்டி அங்கேதான் கூடும். டாக்டர் சந்திரசேகர் நடுவில் உட்கார்ந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். பழ ஆராய்ச்சியில் இத்தனை வருடம் இருந்தும் பழத்தைப் பளம் என்றுதான் சொல்வார். பக்கத்தில் வெளியூர்ப் பேராசிரியர் மீனாட்சி. நான் புத்தகம் அடுக்குகிற சாக்கில் அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

மீனாட்சி தாள்களைப் புரட்டினார். "என்னம்மா, இவ்வளவு சின்னதா இருக்கு? ஏழு ரகமும் எங்க?"

நந்தினி பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து மேசையில் வைத்தாள். "ஏழும் இதுதானுங்க மேடம்."

பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ஊர், ழகரம், கண்டக்டர், எல்லாம். வலவண்டியைச் சொன்னாள், வசவந்தியைச் சொன்னாள். வாலவாந்திக்கு மீனாட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் பலவந்தியில் வந்து நின்றாள்.

"அது யாரு எளுதுனது?" என்று தெரிந்துகொண்டே கேட்டார் சந்திரசேகர்.

"நீங்கதானுங்க சார்."

கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. சந்திரசேகர் அந்த ஆரஞ்சை எடுத்தார். மெதுவாக உரித்தார். சுளையைப் பிரித்து, ஒன்றை வாயில் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அதை எளுதுனதுக்கப்புறம் அந்த மரத்தைத் தேடி நான் ஏறாத மலை இல்லம்மா. இங்க, கொல்லிமலை, பச்சைமலை... எங்கயும் இல்ல. நம்ம கவனிக்காம விட்டதுல ஒரு நல்ல ரகம் அளிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். பத்து வருசமா மனசுல அதை ஒரு சாவாத்தான் வச்சிருந்தேன்." இன்னொரு சுளையைப் போட்டுக்கொண்டார். "அது சாகவே இல்லையே! பஸ்ஸு போற ஊர்ல நிக்குது! பளம் வேற காய்ச்சிருக்கு!"

சிரித்தார். டாக்டர் சந்திரசேகர் சிரித்தார்! என்னவோ ஏதோ என்று வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சரி, சாதாக் கமலா ஆரஞ்சு அந்த ஊர்ல மட்டும் எப்படித் தாங்குச்சு?" என்று கேட்ட மீனாட்சி, தானே பதிலும் சொன்னார். "மரத்துல இல்லைன்னா மண்ணுலதான் ஏதோ இருக்கணும். இதுதாம்மா உன் ஆராய்ச்சி. இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்க."

"அத்தியாயத்துல தப்புகள்ல முதலாவதா என் கட்டுரையைப் போடு," என்றார் சந்திரசேகர், கெடு நீட்டிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "நாளைக்கு அந்த ஊருக்கு என்னையும் கூட்டிட்டுப் போ."

நந்தினி அலமாரிக்குப் பின்னால் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுக்கியது அத்தனையும் சரிந்து விழுந்தது. அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். அத்தாயி அதே இடத்தில் கூடையோடு நின்றிருந்தார். சாரின் கண்ணாடி, கைப்பெட்டி, பளபளக்கும் ஷூ எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க சார், நீங்க எங்கூருக்கு வாழ வந்தீங்களா, வாசிக்க வந்தீங்களா?"

சந்திரசேகர் கைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"வாசிச்சது போதும் தாயி. பளம் திங்க வந்தேன்."